பீக்கர் தண்ணீரைக் குடித்தவன் சொல்வது

என்னைப் பற்றி ஒரு நல்ல பொய் மதுரையில் உலவிக்கொண்டிருக்கிறது. கெட்ட பொய்யாக இருந்தால் மறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நல்ல பொய்யை மறுப்பது லேசில்லை. மறுக்க மறுக்க, ‘பாருங்க, மனுசனுக்கு எம்புட்டு அடக்கம்’ என்று அதற்கும் ஒரு மாலையைப் போட்டுவிடுகிறார்கள்.

போன வாரம் பாண்டி போன் செய்தான். மில்லில் என் கடைசி வருஷங்களில் என்னிடம் வேலை பழகியவன். இப்போது விளாங்குடிப் பக்கம் ஒரு சாயப் பட்டறையில் சூப்பர்வைசர். அவன் கேட்டது இரண்டு கேள்விகள். முதல் கேள்வி: “அண்ணே, இப்ப வர்ற என்சைம் கொதிக்கிற தண்ணியிலயே வேலை செய்யுது. எந்தத் தண்ணின்னும் பாக்குறதில்ல. உங்க காலத்துல எதுக்கு அதுக்கு அம்புட்டுப் பயந்தீங்க?” இரண்டாவது: “மேனேஜர் கண்ணு முன்னாலயே தண்ணிய மாத்தி வச்சு, சீனி அண்ணன் வேலையக் காப்பாத்துனீங்களாமே, நெசமா?”

முதல் கேள்விக்குப் பதில் உண்டு. இரண்டாவதற்கும் உண்டு. ஆனால் போனில் சொன்னால் அடக்கம் என்பான். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் மறுபடி மறுபடி படித்தாவது நம்புவான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதில் மில் எனக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் யாருடையது என்று கேட்காதீர்கள். அதற்கு முன்னால் எழுபதுகளின் நடுவிலிருந்து அங்கே துணி வெளுக்கும் பிரிவில் கெமிஸ்ட். மிஷன் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். பல இடங்களுக்கு மனு போட்டேன். பல இடங்களில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். மில் இண்டர்வியூவில் என்சைம் என்றால் என்ன என்று கேட்டார்கள். ‘நொதி’ என்றேன். நொதி என்றால் என்ன என்றார்கள். ‘என்சைம்’ என்றேன். அடக்க முடியாமல் ஒருவர் சிரித்துவிட்டார். சிரித்தவர்தான் வேலை கொடுத்தார். என் படிப்புக் காலம் இவ்வளவுதான்.

சரி, என்சைமுக்கும் துணிக்கும் என்ன சம்பந்தம்?

தறியில் ஓடுகிற பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். கஞ்சி போடாவிட்டால் தறி அடிக்கிற அடியில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். நெய்து முடித்ததும் அதே கஞ்சி பகையாளி ஆகிவிடும். கஞ்சி இருக்கிற இடத்தில் சாயம் ஏறாது. துணி முழுக்கத் திட்டுத் திட்டாக, தேமல் விழுந்த முதுகு மாதிரி நிற்கும். ஆகவே சாயத்துக்கு முன்னால் கஞ்சியை எடுத்தாக வேண்டும்.

தண்ணீரில் அலசினால் கஞ்சி போகாது. அமிலத்தில் ஊறப்போட்டால் போகும், ஆனால் கூடவே துணியும் போகும். ஏனென்றால் கஞ்சியும் பருத்தியும் பங்காளிகள். இரண்டுமே ஒரே மாதிரி சர்க்கரை மணிகளைக் கோத்த மாலைகள்தான். கோத்த விதம் மட்டும் வேறு. அமிலத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கல்யாண வீட்டில் புகுந்த ஆடு மாதிரி வாழை மரத்தையும் தின்னும், தோரணத்தையும் தின்னும். என்சைமுக்குத் தெரியும். அதன் உடம்பில் ஒரு குறிப்பிட்ட மடிப்பு, அந்த மடிப்புக்குள் ஒரு பள்ளம். கஞ்சியின் கண்ணி மட்டும்தான் அந்தப் பள்ளத்தில் பாந்தமாக உட்காரும். உட்கார்ந்ததும் நறுக்கென்று ஒரு வெட்டு. வெட்டுப்பட்டது கரைந்து போய்விடும், அடுத்த கண்ணி வந்து உட்காரும். பருத்தியின் கண்ணி அதில் உட்காரவே உட்காராது. துணிக்கு ஒரு கீறல் கிடையாது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, வெட்டுகிறவன் தேய்வதே இல்லை என்பதுதான். டவுன் பஸ் கண்டக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருமங்கலம் வரை எத்தனை பேருக்கு டிக்கெட் கிழித்தாலும் இறங்கும்போது கண்டக்டர் முழுசாகத்தான் இருப்பார். அடுத்த டிரிப்புக்கும் அவரேதான். அதே சமயம் கூட்டம் பிதுங்கி வழிகிறதே என்று அவருக்கு மூன்றாவது கை முளைத்துவிடாது. அவர் கிழிக்கிற வேகத்துக்குத்தான் டிக்கெட் கிழியும். வேகமாக நடக்க வேண்டுமென்றால் இன்னொரு கண்டக்டரை ஏற்ற வேண்டும், அல்லது இருக்கிற கண்டக்டருக்குக் கொஞ்சம் சூடு ஏற்ற வேண்டும்.

அந்தச் சூட்டில்தான் வினையே.

எங்கள் மாஸ்டர் பெயர் தேவசகாயம். வெளுக்கிற பிரிவு முழுக்க அவர் பொறுப்பு. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, பையில் ஒரு தெர்மாமீட்டர். மற்றவர்கள் பேனா வைத்துக்கொள்கிற மாதிரி அவர் தெர்மாமீட்டர் வைத்திருப்பார். ஒருவரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. அதட்டினால் பரவாயில்லை என்று நினைக்க வைத்துவிடுவார், அதுதான் அவர் தனித்தன்மை. நாம் எதைச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “பாத்தியா, நெனச்சியா?”

“தொட்டி சூடாயிருச்சு சார்.”

“பாத்தியா, நெனச்சியா?”

பார்த்திருந்தால் எத்தனை டிகிரி என்று சொல்ல வேண்டும். நினைத்திருந்தால் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். நான் சேர்ந்த புதிதில் நடந்தே இளைத்தேன்.

சேர்ந்த முதல் வாரமே என் பெருமையை நிலைநாட்டிவிட்டேன். என்சைம் தொட்டியின் ஸ்டீம் வால்வைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாஸ்டர் போயிருந்தார். சூடு ஏற ஏற என்சைம் வேகமாக வேலை செய்யும் என்று கல்லூரியில் படித்திருந்தேன். பாதி வரைதான் படித்திருந்தேன் என்பது பிறகு தெரிந்தது. வால்வைத் தாராளமாகத் திறந்தேன். தொட்டி தளதளவென்று கொதித்தது. கொதிப்பதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ தப்பு என்று பட்டது. உடனே வால்வை மூடி, வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீரை ஊற்றி, சூட்டைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மாஸ்டர் வந்தார். தெர்மாமீட்டரை விட்டார். சூடு சரியாக இருந்தது. தொட்டியின் விளிம்பில் ஓடியிருந்த நுரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“வெந்த முட்டைய ஐஸ்ல வச்சா குஞ்சு பொரிக்குமா தம்பி?”

அவ்வளவுதான் சொன்னார். தொட்டி முழுக்க சாக்கடைக்குப் போனது. என்சைம் ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. அதன் வேலையெல்லாம் அந்த மடிப்பில் இருக்கிறது. அளவான சூட்டில் சுறுசுறுப்பாகும், அதிகமானால் மடிப்பு பிரிந்துவிடும். பிரிந்தது பிரிந்ததுதான், குளிர வைத்தாலும் திரும்பாது. புளிப்பு ஏறினாலும் கெடும், காரம் ஏறினாலும் கெடும். ப்ளீச்சிங் தண்ணீர் பட்ட வாளியில் எடுத்தால் செத்தே போகும். செம்புப் பாத்திரமும் ஆகாது. புது மாப்பிள்ளையைக் கூட இவ்வளவு கவனித்ததில்லை.

ஆகவே பாண்டிக்கு முதல் பதில்: நாங்கள் பயந்தோம், ஏனென்றால் அது அப்படிப்பட்ட பிறவி.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். தொட்டியில் தண்ணீர் பிடித்து ஸ்டீம் விட்டுச் சூடாக்க வேண்டும். புளிப்பா காரமா என்று நிறம் மாறிக் காட்டுகிற காரத் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். நிறம் சரியாக இருந்தால், வெதுவெதுப்பான தண்ணீரில் தனியாகக் கரைத்த என்சைமை ஊற்ற வேண்டும். துணி அந்தத் தொட்டிக்குள் முங்கி, இரண்டு உருளைகளுக்கு நடுவே பிழிபட்டு, ஒரு பெரிய கட்டையில் சுற்றிக்கொண்டு வரும். சுற்றிய துணியைப் பாலிதீன் போர்த்திச் சில மணி நேரம் போட்டுவைப்போம். உள்ளே என்சைம் தன் போக்கில் கஞ்சியை வெட்டிக்கொண்டிருக்கும். பிறகு வெந்நீரில் அலசல். கடைசியில் துணியின் ஓரத்தில் ஒரு துண்டு கத்தரித்து, அதில் ஒரு சொட்டு அயோடின். சொட்டு விழுந்த இடம் வெளிறிய மஞ்சளாக நின்றால் கஞ்சி போய்விட்டது. நீலமாக மாறினால் கஞ்சி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்றைக்கும் பேரன் சட்டையில் மை கொட்டினால், கஞ்சி போகவில்லை என்றுதான் முதலில் தோன்றுகிறது.

இனி சீனி.

சீனி பதிலித் தொழிலாளி. நிரந்தர ஆள் வராத நாளில் வேலைக்கு வருகிறவர்களை அப்படித்தான் சொல்வோம். காலையில் கேட் முன்னால் வந்து நிற்க வேண்டும். கூப்பிட்டால் உள்ளே, இல்லாவிட்டால் வீட்டுக்கு. பல வருஷம் அப்படி நின்றவன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவன். வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் நீளம் என்பதால் ஒத்துப்போனது. எண்பதுகளின் தொடக்கத்தில் அவனை நிரந்தரமாக்கும் பேச்சு வந்தது. அதற்கு முன்னோட்டமாக என்சைம் தொட்டியை அவன் பொறுப்பில் விட்டார்கள். அதை அவன் ஊரெல்லாம் சொல்லி, பெண் பார்க்கக்கூடக் கிளம்பிவிட்டான். திருவாதவூரில் ஒரு பெண். நிரந்தரம் ஆனதும் முகூர்த்தம் என்று பேச்சு.

அதே வாரத்தில் மில்லில் இன்னொரு புதுமை நடந்தது. மதுரைத் தண்ணீரைப் பற்றி மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் போர்வெல் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும், சோப்பு நுரைக்காது, பாய்லர் குழாய்க்குள் சுண்ணாம்பு ஓடு கட்டும். புதிதாக வந்த மேனேஜர் பெரிய செலவில் தண்ணீரை மென்மையாக்கும் பிளாண்ட் ஒன்றை வைத்தார். உள்ளே போகிற தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை மட்டும் வெளியே விடும். அதற்குப் பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, மாலை போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மாஸ்டருக்கும் சந்தோஷம்தான். நல்ல தண்ணீர் இருந்தால் சாயம் துலக்கமாக ஏறும். எல்லா இயந்திரத்துக்கும் புதுக் குழாய் இழுத்தார்கள். என் லேப் மட்டும் பாக்கி. “அந்தச் சின்ன ரூமுக்கு எதுக்கய்யா?” என்று மேனேஜர் விட்டுவிட்டார். லேப் குழாயிலும், கண்ணாடிச் சாமான் கழுவ லேப் வாசலில் இருந்த சிமெண்ட் தொட்டியிலும் பழைய போர் தண்ணீர்தான்.

அன்றைக்கு இதை யாரும் ஒரு விஷயமாக நினைக்கவில்லை. நான் உட்பட. நான் குறிப்பாக.

சீனி தொட்டியில் நின்ற நாளிலிருந்து நீலம்.

முதல் துணி நீலம். சரி, என்சைம் குறைவாகப் போட்டிருப்பான் என்று கூட்டிப் போட்டோம். அடுத்ததும் நீலம். டிரம்மே பழசோ என்று புது டிரம் உடைத்தோம். நீலம். புது டிரம்மிலிருந்து கொஞ்சம் எடுத்துவந்து லேபில் ஒரு பீக்கரில் வைத்துச் செய்து பார்த்தேன். துணித் துண்டு மஞ்சளாக, அம்சமாக வந்தது. மறுபடி செய்தேன். மஞ்சள். தொட்டியில் நீலம், லேபில் மஞ்சள். ஒரே என்சைம், ஒரே துணி, ஒரே சூடு.

ஒரே சூடுதானா என்று மேனேஜர் கேட்டார்.

கேள்வி நியாயமானதுதான். லேபில் நல்லபடியாக வேலை செய்கிற என்சைம் தொட்டியில் சாகிறது என்றால், தொட்டியில் யாரோ அதை வேகவைக்கிறார்கள். தொட்டியில் இருப்பவன் புது ஆள். சீக்கிரம் வேலையை முடித்துக் காட்டி நிரந்தரமாகிவிட வேண்டும் என்ற அவசரம். நாம் திரும்பிய நேரத்தில் வால்வைத் திறந்துவிடுகிறான். மேனேஜர் இதைச் சொன்னபோது எனக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. நானே முதல் வாரத்தில் அதைத்தானே செய்தேன்.

சீனியிடம் கேட்டேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

“அண்ணே, நான் தெறக்கலண்ணே. நீங்க வந்து தெர்மாமீட்டர விட்டுப் பாக்குறப்ப எம்புட்டு இருந்துச்சோ, அம்புட்டுத்தான் எப்பவும். என்னையக் கேட்டா என்ன சொல்லுவேன். எனக்கே தெரியல.”

நான் மாஸ்டரிடம் போய், சீனி திறக்கவில்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றினார். எனக்குக் கேள்வி தெரியும். பதிலும் தெரியும். நான் பார்க்கவில்லை, நினைத்தேன். மாஸ்டர் அதற்குப் பிறகு இரண்டு நாள் தன் நாற்காலியைத் தூக்கித் தொட்டிப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சூடு ஒரு டிகிரி நகரவில்லை. துணி நீலம். மேனேஜர், நீங்கள் உட்கார்ந்திருந்தால் திறப்பானா, முன்பே திறந்திருப்பான் என்றார். ஒரு ஆளைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிட்டால் அவன் செய்யாததும் அவனுக்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது.

கடைசியில் மேனேஜர் லேபுக்கே வந்துவிட்டார். தன் கண் முன்னால் ஒரு தரம் செய்துகாட்டச் சொன்னார்.

“துணி சுத்தமா வந்துச்சுன்னா என்சைம் மேல தப்பில்ல. தொட்டிக்காரன் மேலதான். அவன நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லிரலாம். சுத்தமா வரலேன்னா, இத்தன நாளா சுத்தமா வருதுன்னு சொன்ன ஆளப் பத்தி யோசிக்கணும்.”

சொன்ன ஆள் நான்தான்.

என் நிலைமையைக் கொஞ்சம் பாருங்கள். சோதனையைச் சரியாகச் செய்தால் சீனிக்கு வேலை போகும். தப்பாகச் செய்தால் எனக்குப் போகும். மூன்றாவதாக மயங்கி விழலாம் என்று ஒரு வழி தோன்றியது. ஆனால் எனக்கு எப்போதும் தேவையான நேரத்தில் மயக்கம் வராது.

லேப் குழாயில் தண்ணீர் பிடித்து பீக்கரை மேஜை மேல் வைத்தேன். மாஸ்டர் ஒரு பக்கம். மேனேஜர் ஒரு பக்கம், கை கட்டிக்கொண்டு. நான் துணித் துண்டைக் கத்தரித்தேன். என்சைம் பாட்டிலைத் திறந்தேன். மூடி கீழே விழுந்து உருண்டு மேனேஜர் செருப்படியில் போய் நின்றது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதிரே தண்ணீர் இருந்தது. கை தானாகப் போனது.

மடக்மடக்கென்று குடித்துவிட்டேன்.

உப்புக் கரித்த பிறகுதான் என்ன குடித்தேன் என்று உறைத்தது. சோதனைத் தண்ணீர். அடுத்த கணம் இன்னொன்று உறைத்தது. லேப் பீக்கர். அதில் நேற்று என்ன வைத்திருந்தேன், கழுவினேனா? ஒரு பக்கம் வேலை, ஒரு பக்கம் உயிர். நல்லவேளை, மேனேஜர் அப்போது குனிந்து மூடியை எடுத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஜன்னல் பக்கம் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார். பீக்கர் காலி என்று இருவருக்கும் தெரியாது. குழாயடிக்குப் போக வேண்டுமென்றால் மேனேஜரைத் தாண்டிப் போக வேண்டும். பீக்கரைச் சட்டையோடு அணைத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே நழுவினேன்.

என்சைம் தொட்டிப் பக்கம் சீனி நின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு அவனைத் தொட்டியைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு சும்மா நின்றான்.

“என்னண்ணே?”

“தண்ணி” என்றேன்.

அவனே தொட்டிக் குழாயைத் திறந்து, பீக்கரை ஒரு தரம் அலசி, நிரப்பிக் கொடுத்தான். என்ன சோதனை நடக்கிறது, அதில் என்ன முடிவானால் தனக்கு என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் ததும்பாமல் துடைத்துக் கையில் கொடுத்தான். வாங்கிக்கொண்டு ஓடினேன்.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. சூடாக்கினேன். காரத் தாள் பார்த்தேன். என்சைம் விட்டேன். தொட்டியில் எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் இருக்குமோ அவ்வளவு நேரம் வைத்தேன். துணியை முக்கிப் பிழிந்து மூடிவைத்தேன். மேனேஜர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். நான் சாப்பிடவில்லை. அலசி எடுத்து மேஜையில் விரித்தேன். ஒரு சொட்டு அயோடின்.

நீலம். சாதாரண நீலம் இல்லை, மயில் கழுத்து மாதிரி.

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். மனதுக்குள் என் அப்பாவிடம் வேலை போன செய்தியை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் மட்டும் துணியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“எந்தத் தண்ணி?”

“கொழாத் தண்ணி சார்.”

“எந்தக் கொழா?”

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

“தொட்டிக் கொழா சார்.”

“லேப் தண்ணி பிடிச்சு வச்சியே, நான் பாத்தேனே.”

“குடிச்சிட்டேன் சார்.”

“என்னது?” என்றார் மேனேஜர்.

“தாகமா இருந்துச்சு சார்.”

மாஸ்டர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மூன்று பீக்கர் எடுத்தார். ஒன்றில் லேப் தண்ணீர். ஒன்றில் தொட்டித் தண்ணீர். மூன்றாவதிலும் தொட்டித் தண்ணீர், ஆனால் அலமாரியிலிருந்து கால்சியம் குளோரைடு பாட்டிலை எடுத்து அதில் ஒரு சிட்டிகை. விஷயம் கதவுக்கு வெளியே நின்ற சீனி காதுக்கும் போயிருந்தது. சுண்ணாம்புதானே வேண்டும் என்று மடியிலிருந்த வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை நீட்டினான். அதைப் போட்டால் காரம் ஏறி என்சைம் வேறு காரணத்துக்காகக் கோபித்துக்கொள்ளும் என்று மாஸ்டர் திருப்பிக் கொடுத்தார்.

முதல் பீக்கர் துணி மஞ்சள். இரண்டாவது நீலம். மூன்றாவது மஞ்சள்.

மாஸ்டர் விளக்கினார். இந்த என்சைமின் மடிப்பு பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதற்குள் உட்கார்ந்திருக்கிற கால்சியம், அதாவது சுண்ணாம்புச் சத்துதான், கட்டிலில் கயிறு மாதிரி. கயிறு இருந்தால் அந்தச் சூட்டைத் தாங்கும். தண்ணீரில் கால்சியமே இல்லாவிட்டால் கயிறு மெல்ல நழுவி, அதே சூட்டில் கட்டில் உட்கார்ந்துவிடும். இதை எப்போதோ படித்திருக்கிறார். ஆனால் மதுரைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லாமல் போகும் என்று கனவிலும் நினைக்க வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. சீனி தொட்டிக்கு வந்ததும் புதுக் குழாய் வந்ததும் ஒரே வாரம். குழாய்க்குக் கை கால் இல்லை, சீனிக்கு இருந்தது. பழி அவன் மேல் ஏறிக்கொண்டது.

மேனேஜர் முகம் சுண்டிப்போனது. பூசணிக்காய் உடைத்தவர் இல்லையா.

“அப்ப என் தண்ணி கெட்ட தண்ணின்னு சொல்றீங்களா?”

“ரொம்ப நல்ல தண்ணி சார்” என்றார் மாஸ்டர். “அதான் பிரச்சன.”

மறுநாளே என்சைம் தொட்டிக்கு மட்டும் பழைய போரிலிருந்து தனிக் குழாய் இழுத்தார்கள். துணி மஞ்சளாக வந்தது. கொஞ்ச நாளில் சீனி நிரந்தரமானான். திருவாதவூரில் முகூர்த்தம் நடந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த வருஷம் ஆயுதபூஜை அன்று மேனேஜர் பேசும்போது, ‘நமது ஆய்வகம் சமயோசிதமாக இரண்டு தண்ணீரையும் மாற்றிப் பார்த்து’ என்றார். சோதனைத் தண்ணீரைக் கெமிஸ்ட் குடித்துவிட்டான் என்று மேடையில் சொல்ல முடியாதல்லவா. அங்கே பிறந்ததுதான் அந்தப் பொய். அதைச் சோறூட்டி வளர்த்தவன் சீனி. இருபது வருஷமாக வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவனிடமும், என்னைக் காட்டி, “இவரு மட்டும் அன்னைக்கு ரோசன பண்ணித் தண்ணிய மாத்தலேன்னா நான் இன்னைக்கு இங்க இல்ல” என்பான். நான் தாகம் என்பேன். அவர்கள் அடக்கம் என்பார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்ததும், சம்பந்தப்பட்ட ஆளிடம் படித்துக் காட்டிவிடுவதுதான் முறை என்று நேற்று ஆனையூர் போனேன். சீனி அங்கேதான் வீடு கட்டியிருக்கிறான். அவன் மனைவியும் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். முழுக்கப் படித்தேன். மூடி உருண்ட இடத்தில் அவள் சிரித்தாள். சீனி சிரிக்கவில்லை. முடித்துவிட்டு, இனிமேலாவது அந்தப் பொய்யை விடு என்றேன்.

“எல்லாம் சரிண்ணே. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் கேக்குறேன்.”

“கேளு.”

“லேப் வாசல்ல அந்த சிமெண்டுத் தொட்டி இருந்துச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நெறையத் தண்ணி கெடந்துச்சு. அதத் தாண்டித்தான வந்தீங்க. அதுல முக்கியிருந்தா முடிஞ்சு போச்சு. எதுக்கு அம்புட்டுத் தூரம் ஏங்கிட்ட வந்தீங்க?”

அந்தத் தொட்டியை நான் தாண்டித்தான் போனேன். கண்ணில் பட்டதா என்றுகூட நினைவில்லை. கண்ணில் பட்டது, துண்டைச் சுருட்டிக்கொண்டு நின்ற ஆள்.

“நீ அங்க நின்னுக்கிட்டு இருந்த” என்றேன். “நாளைக்கு நீ இருக்க மாட்டேன்னு தோணுச்சு. ஒரு தடவ பாத்துட்டுப் போவோம்னு வந்தேன். தண்ணின்னு சொன்னது சும்மா வாய்க்கு வந்துச்சு.”

சீனி மனைவி பக்கம் திரும்பினான்.

“கேட்டியாடி, நான் சொன்னது பொய்யில்லேல்ல.”

அவள் எழுந்து உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆனையூர் போர் தண்ணீர். நன்றாகக் கரித்தது. இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தேன்.